எட்டாவது சைட் ட்ரம்

பாடசாலை பாண்ட் வாத்தியத்தில் எனக்குப் பெரிய ட்ரம்மைக் கொடுத்ததற்கு ஒரே காரணம் என் உடம்பு. பொறுப்பாசிரியர் வரிசையை ஒரு முறை பார்த்தார், என்னை மட்டும் வெளியே இழுத்தார், அந்தப் பீப்பாயை நெஞ்சில் மாட்டிவிட்டார். அவ்வளவுதான் பரீட்சை. அதன்பின் நான்கு வருடம் விளையாட்டுப் போட்டி, சுதந்திர தினம், மீலாத் ஊர்வலம் எல்லாவற்றிலும் நான் இருந்தேன், என் முகம் இருக்கவில்லை. போட்டோக்களில் ட்ரம்முக்குக் கால் முளைத்து நடப்பது போலத் தெரியும். என் ஆசையெல்லாம் முன்வரிசைச் சைட் ட்ரம் மேல். இடுப்பில் சாய்ந்து தொங்கும், படபடவென்று பொரியும், அடிக்கிறவனின் முகமும் தெரியும்.

இப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. கல்முனைப் பிரதான வீதியில் டயர்க் கடை வைத்திருக்கிறேன். பாடசாலை ஆண்டு விழாவுக்குப் பழைய மாணவர் நடைபவனி, அதற்குப் பழைய மாணவர்களே அடிக்கும் பாண்ட் என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. மற்றவர்கள் வாழ்த்துப் படம் அனுப்பிக்கொண்டிருந்த நேரத்தில் "எனக்கு சைட் ட்ரம்" என்று போட்டுவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மனைவியிடமும் சொன்னேன்.

"இந்த முற ரோட்டுல நிண்டு பாரு. ட்ரம்முக்குப் பின்னால என்னத் தேடத் தேவல்ல. என்ட அடி ஒனக்குத் தனியாக் கேக்கும்."

அவள் என் பேச்சை அவ்வளவாக நம்புகிறவள் அல்ல. இதை மட்டும் நம்பினாள். அன்றைக்கே தன் சகோதரிமாருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

குச்சி பிடிப்பது எனக்குப் புதிதா என்ன என்ற திமிர்தான். இருபது வருடமாக ஊர்ப் பொல்லடிக் குழுவில் ஆடுகிறேன். கைக்கொரு பொல்லுத் தடியுடன் வட்டமாக நின்று, பாட்டின் தாளத்துக்கு எதிரில் வருகிறவனின் பொல்லில் அடித்துவிட்டு அடுத்தவனிடம் நகர வேண்டும். கல்யாண வீடுகளுக்கும் பெருநாள் விழாக்களுக்கும் பொத்துவில் வரை போயிருக்கிறோம். பொல்லடியில் முதல் பாடம் பிடி. தளர்வாகப் பிடித்தால் எதிராளியின் ஒரே அடியில் பொல்லு பறந்து மாப்பிள்ளையின் மடியில் விழும். அதனால் விரல் வெளுக்கும்வரை இறுக்குவோம்.

அந்தக் கையோடுதான் முதல் நாள் பயிற்சிக்குப் போனேன். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு எல்லோரும் மைதானத்தில் கூடினோம். சைட் ட்ரம் எட்டு. அந்தக் காலத்தில் எங்கள் பாண்ட் லீடராக இருந்தவன் இப்போது வங்கி முகாமையாளர். கடன் கேட்டு வந்தவனைப் பார்ப்பது போல என் கையை வெகு நேரம் பார்த்தான்.

"மச்சான், பொல்லடிக்கா வந்தாய்? கைய உடு. குச்சி தானாத் துள்ளும்."

"உட்டா உழுந்திருமேடா."

"உழாது. ஒரு கைக்கு ரெண்டு அடி. மொத அடிதான் உன்ட. ரெண்டாவத குச்சி அடிக்கும். நீ மறிக்காம இருந்தாச் செரி."

குச்சி அடிக்குமாம். அப்படியானால் நான் எதற்கு? எரிச்சலாக இருந்தாலும் அவன் சொன்னதுதான் சரி. அவன் அடித்தால் வலது கையில் இரண்டு, இடது கையில் இரண்டு என்று ஓடி, கொஞ்ச நேரத்தில் எண்ண முடியாமல் தோலெல்லாம் ஒரே இரைச்சலாகிவிடும். நான் அடித்தால் நாலு பேர் நாலு கதவைத் தட்டுவது போலக் கேட்டது.

இடது கை இன்னும் மோசம். வலது கை குச்சியை மேலிருந்து பிடிக்க, இடது கை உள்ளங்கையை மேலே காட்டி, பெருவிரல் இடுக்கில் குச்சியைப் படுக்க வைத்து, சாவி திருப்புவது போல மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். பெரிய ட்ரம்முக்குத் தோளிலிருந்து முழுக் கையையும் வீசிப் பழகியவன் நான். அங்கே மணிக்கட்டுக்கு வேலையே இல்லை. றபான் மேளத்துக்கோ குச்சியே தேவையில்லை, விரல் போதும். எல்லாம் தோலில் தட்டுவதுதானே என்று வெளியில் நிற்கிறவன் நினைப்பான். ஒன்றுக்குப் பழகிய கை மற்றொன்றுக்கு எவ்வளவு கெட்ட கை என்பது எனக்கு அந்த மைதானத்தில்தான் தெரிந்தது.

விடுவேனா? கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம், காற்று நிரப்பிய வேன் டயர் ஒன்றைப் படுக்க வைத்து அதில் அடித்தேன். மூன்றாவது கிழமை திடீரென்று வந்துவிட்டது. இரண்டு, இரண்டு, இரண்டு என்று குச்சி தானாகவே துள்ளி ஓடியது. சந்தோசம் தாங்காமல் மனைவிக்குப் போன் எடுத்து, போனை டயருக்குப் பக்கத்தில் வைத்து அடித்துக் காட்டினேன்.

"கேக்குதா?"

"ஓம், நல்லாத்தான் இரிக்கி. டயராலயே இப்பிடியெண்டா ட்ரம்முல எப்பிடி இரிக்கும்!"

எப்படியும் இருக்கவில்லை. நடைபவனிக்கு முந்திய நாள் மறுபடி எல்லோரும் கூடிய ஒத்திகையில் பாடசாலையின் பழைய ட்ரம்மில் அடித்தபோது இரண்டாவது அடி வரவே இல்லை. காற்றடைத்த றப்பர் யார் தட்டினாலும் துள்ள வைக்கும். தளர்ந்த பழைய தோல் அப்படி இல்லை, கை இளகினால் மட்டும்தான் திருப்பித் தரும். நான் கற்றுக்கொண்டதாக நினைத்ததெல்லாம் டயரின் வேலை. ஆத்திரத்தில் இன்னும் இறுக்கினேன், அடி இன்னும் கெட்டது. என்னால் முழு பாண்டும் மூன்று முறை நின்றது.

லீடர் என்னைக் கோல் கம்பத்தடிக்குக் கூட்டிப்போனான்.

"மச்சான், கோவிக்காத. நீ பெரிய ட்ரம்ம எடு. கட்டாருல இருந்து வந்தவன் அதப் போட்டு அறையிறான், உனக்கே கேக்குதானே."

கேட்காமலா? பெரிய ட்ரம்மை அடித்த கணமே கட்டையைத் தோலிலிருந்து இழுத்துவிட வேண்டும். அப்போதுதான் சத்தம் திறந்து நிற்கும். அவன் அடித்துவிட்டுக் கட்டையை அங்கேயே அழுத்தினான். தொப், தொப் என்று சத்தம் செத்து விழுந்தது. அதை ஒரே நிமிடத்தில் நான் சரி செய்திருப்பேன். ஆனால் பதினான்கு வயதில் விழுந்த அதே தீர்ப்பு மறுபடியும் விழுகிறதே என்று எனக்குத் தலை கொதித்தது.

"சைட் ட்ரம் இல்லாட்டி நான் வரல்ல."

லீடர் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"அப்ப ஒரு வேல செய். வரிசையில நில்லு. கைய ஆட்டு. குச்சி தோலுல படாமப் பாத்துக்க."

அந்த இடத்திலேயே குச்சிகளை எறிந்துவிட்டு வந்திருக்க வேண்டும். தலையை ஆட்டினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என் மேல்தான் கோபம் வருகிறது.

மறுநாள் காலை வெயில் நல்ல சூடு. முன்வரிசையில் வலது ஓரம் நான். வெள்ளைச் சேட்டு, தொப்பி, முகம் நன்றாகத் தெரிகிறது. ஏழு பேர் அடித்தார்கள், நான் ஆட்டினேன். குச்சியைத் தோலுக்கு ஒரு விரல் மேலே நிறுத்துவது லேசான வேலை அல்ல. கை இளகினால் விழுந்து சத்தம் போட்டுவிடும். இறுக்கிப் பிடித்தால்தான் காற்றிலேயே நிற்கும். அந்தப் பிடியில் எனக்கு இருபது வருடப் பயிற்சி. அன்று முழுவதும் என் குச்சி ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

பின்னால் பெரிய ட்ரம் தொப், தொப் என்று பிந்திக்கொண்டே வந்தது. அதனால் எல்லோருடைய காலும் தடுமாறியது. என் வலது தோள் தன்பாட்டில் சரியான இடத்தில் அசைந்து அசைந்து அடங்கியது. அடிக்கத் தெரிந்த ட்ரம் பின்னால் கெட்டுப்போய் வர, அடிக்கத் தெரியாத ட்ரம்மை மாட்டிக்கொண்டு ஊமையாக நடந்தேன். பஸ் நிலையத்தடியில் மனைவி பிள்ளைகளோடும் தன் ராத்தா, தங்கைமாரோடும் போனைத் தூக்கிப் பிடித்து நின்றாள். ஒரே ஒரு அடி, உண்மையாக ஒன்று போட்டுவிடலாமா என்று மணிக்கட்டு துடித்தது. பிழையாகிவிடுமே என்று பயந்துவிட்டேன். கையை மட்டும் இன்னும் உயரத் தூக்கி ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து சேட்டைக்கூடக் கழற்றவில்லை. அவள் பிளேன்டீயைக் கையில் தந்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து போனில் வீடியோவைப் போட்டாள். அவள் முகத்தில் அப்படியொரு பெருமையை எங்கள் கல்யாண நாளிலும் நான் பார்த்ததில்லை.

"நீங்க சொன்ன மாதிரித்தான். கூட்டத்துல உங்கட அடி தனியாக் கேட்டிச்சி. ராத்தாவுக்கும் காட்டினன், 'அந்தா, அதான் அவர்ர சத்தம்' எண்டு. இஞ்ச, கேளுங்க."

போனை என் காதோடு வைத்தாள். நானும் கவனமாகக் கேட்டேன்.

"ஓம்," என்றேன். "அது நாந்தான்."