டைபாய்டு என்று சொன்னேன்

பிள்ளைகளே, இதை உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். மூத்தவளுக்குத் தெரியும். இளையவனே, அக்காவை அனுப்பியபோது உனக்கு ஆறு வயது. அக்கா படிக்கத்தான் ஊருக்குப் போகிறாள் என்று உன்னிடம் சொன்னோம். அது பொய்.

நீ பிறப்பதற்கு முன்பே, அக்காவுக்கு ஒன்பது வயதில் நெஞ்சுக்குள் புற்றுநோய்க் கட்டி வந்தது. ஊரில் வைத்து ஊசி போட்டு, கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைத்துக் காப்பாற்றினார்கள். மொட்டைத் தலையோடு ஷார்ஜாவுக்குத் திரும்பினாள். ரோலாவில் ஒரே ஃபிளாட்டில் ஓர் அறையில் நாம், இன்னோர் அறையில் நம் ஊர் அண்ணாச்சி குடும்பம். முடி எங்கே என்று கேட்டார்கள். டைபாய்டு என்றேன். டைபாய்டு வந்தால் முடி கொட்டும் என்று நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுதானே, நம்பிவிட்டார்கள். உள்ளதைச் சொன்னால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள் என்று பயம். அண்ணாச்சி அவளை "மருமவளே" என்றே கூப்பிடுவார். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

பதினெட்டு வயதானதும் விசாவுக்கு அவளும் மெடிக்கல் எடுக்க வேண்டும். பழைய ரிப்போர்ட்டை எல்லாம் பையில் வைத்துக்கொண்டு போனேன். அண்ணாச்சிக்கும் அன்றைக்குத்தான் மெடிக்கல்.

எக்ஸ்ரே முடிந்ததும் நர்ஸ் கூப்பிட்டார். நாகர்கோவில் பக்கத்துப் பெண்.

"நெஞ்சுல தழும்பு தெரியுது சார். முன்ன என்ன சீக்கு வந்துச்சு?"

அண்ணாச்சி எழுந்து பக்கத்தில் வந்தார். "என்ன தம்பி, என்னமாம்?"

"டைபாய்டு" என்றேன்.

"அதுக்கு அங்க தழும்பு விழாது. வேற ரிப்போர்ட் இருந்தா இப்பவே குடுத்துருங்க. இல்லன்னா டிபின்னு எழுதிருவாங்க. ஊருக்கு அனுப்பிருவாங்க சார்."

அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, ப்ளீஸ், சொல்லிருங்க."

"நீ சும்மா இரு" என்றேன். நாளைக்குத் தனியாக வந்து காட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் போனேன். "கலாஸ், பாய்" என்றார் கவுண்டரில் இருந்தவர். முடிந்துவிட்டதாம், டிபி என்று எழுதி அனுப்பியாகிவிட்டது. கையிலேயே இருந்ததை நேற்றே ஏன் காட்டவில்லை என்று இந்தியில் கேட்டார். விசா கிடையாது. இனி அவள் இந்த நாட்டுக்குள் வரவும் முடியாது.

அன்று சாயங்காலமே அண்ணாச்சி வீட்டம்மா அக்காவின் டம்ளரைச் சமையலறைக்கு வெளியே எடுத்து வைத்துவிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. சின்னப் பிள்ளைய இருக்க எடம்லா" என்றார் அண்ணாச்சி.

மருமகளே என்று கூப்பிட்ட வாய்தான். இது ஒட்டுகிற நோயே இல்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். டிபி என்றால் மாத்திரையில் தீர்ந்துவிடும், அதுவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று எனக்குத் தோன்றியது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஊரில் சித்தி வீட்டுக்கு அனுப்பினோம். மத்தியான ஃபிளைட். ஏர்போர்ட் வாசலில் பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"அங்க யாராச்சும் கேட்டா எந்த நோய் சொல்லணும்பா? இப்பவே சொல்லிருங்க. நான் மாத்திச் சொல்லிறக் கூடாதுல்ல."

நான் டிக்கெட்டைச் சரிபார்ப்பது போல நின்றேன். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

கம்பெனி வேனில் வந்து உட்கார்ந்தேன். வெயிலில் வண்டி கொதித்துக் கிடந்தது. கண்ணாடிகளை முழுக்க ஏற்றினேன். "என் மகளுக்கு கேன்சர்" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன உடனே, பக்கத்து வண்டியில் யாராவது இருக்கிறார்களா என்று குனிந்து பார்த்தேன்.