வெயில் தின்ற சிவப்பு

இறப்பர் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டுக்குள் வெயில் வர ஒரே வழி வாசல்தான். அப்பா அதற்கு நேரெதிரே அம்மாவின் படத்தை மாட்டியிருந்தார். குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போகுமுன், இரத்தினபுரி ஸ்டூடியோவில் சிவப்புச் சேலையில் அம்மா எடுத்துக்கொண்ட படம் அது.

இரண்டு வருடத்தில் வெயில் அந்தச் சிவப்பைத் தின்று தீர்த்தது. சேலை ஒரு மாதிரி நீலமாகிவிட்டது. நெற்றிப் பொட்டு இருந்த இடமே தெரியவில்லை. முகமும் காய்ச்சல்காரி மாதிரி வெளுத்துப்போனது. எனக்கு ஏழு வயது. இப்படியே விட்டால் அம்மாவே இல்லாமல் போய்விடுவாள் என்று மெய்யாகவே பயந்தேன்.

அப்பா இறப்பர் பால் வெட்டப் போயிருந்த ஒரு காலையில் நாற்காலி போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினேன். பக்கத்துச் சுவருக்கு வெயில் எட்டாது. அதில் செத்துப்போன தாத்தா, பிளாஸ்டிக் மாலையும் கண்ணாடி மேல் குங்குமமுமாக இருந்தார். பக்கத்தில் ஓர் ஆணி சும்மா இருந்தது வசதியாகப் போயிற்று. அம்மாவை அதில் மாட்டி, காணாமல்போன பொட்டுக்குப் பதிலாகக் குங்குமம் வைத்தேன். தாத்தாவுக்கு மட்டும் மாலை என்றால் நியாயமில்லையே என்று, வாசலில் பூத்திருந்த ரோசாப்பூ ஒன்றையும் செருகினேன்.

பக்கத்து வீட்டு அத்தை, அப்பாவின் தங்கை, தேங்காய் துருவத் திருவலை கேட்டு வந்தார். சுவரைப் பார்த்தவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஐயோ அண்ணி, போயிட்டீங்களா" என்று வாசற்படியில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டார். சற்று நேரத்தில் லயமே எங்கள் வீட்டில் நின்றது. கடை முதலாளியும் "மொகத வுனே?" என்று, என்ன நடந்தது எனச் சிங்களத்தில் விசாரித்தபடி வந்து சேர்ந்தார்.

வேலை முடிந்து வந்த அப்பா, கூட்டத்தைக் கண்டு, "அண்ணி" என்ற ஒப்பாரியையும் கேட்டதும் பால் வாளியைக் கீழே போட்டுவிட்டார்.

"யாரு சொன்னது? எப்ப போன் வந்துச்சு?"

"நீங்கதானே அண்ணே படத்த மாட்டியிருக்கீங்க" என்றார் அத்தை.

"நாந்தாம்பா மாட்டுனேன். வெயில் படாம இருக்கத்தான்" என்றேன் நான்.

அப்படியும் நம்பாமல் அப்பா போனை எடுத்தார். அம்மா வீடியோவில் வந்தாள். தலையில் கறுப்புத் துணி, வெறும் நெற்றி. சங்கதியைக் கேட்டு மூச்சுவாங்கச் சிரித்தாள். லயமும் சிரித்தது, வெட்கத்தை மறைக்க அத்தை எல்லோரையும் விடச் சத்தமாக. நான் போனைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு, படத்தைக் கிட்டத்தில் காட்டச் சொன்னாள்.

"அந்தப் பூவ எடுத்துடாத பாப்பா. வாடுற வரைக்கும் இருக்கட்டும். நான் பூ வச்சு ரெண்டு வருசமாச்சு."

அத்தை மறுபடியும் அழ ஆரம்பித்தார். அம்மாதான் உயிரோடு பேசிக்கொண்டிருக்கிறாளே, இன்னும் எதற்கு அழுகை என்று எனக்கு எரிச்சலாக வந்தது.