ஏகாம்பரம் அண்ணனின் கை தவறவில்லை

உத்திரமேரூரிலிருந்து வந்து திரும்பும் காலை பஸ்ஸின் கண்டக்டர்தான் எனக்குச் சொன்னார். சாலவாக்கம் நிறுத்தத்தில் படியில் நின்றபடியே, "இன்னா மிலிட்டரி, உங்க ஹவில்தார் பூட்டாராமே, தெரியாதா?" என்று கேட்டார். அதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் எனக்கு வந்தது அழுகை அல்ல, பயம். இனி அவரிடம் சொல்ல முடியாதே என்ற பயம்.

ஏகாம்பரம் அவர்களை உத்திரமேரூர் வட்டாரத்து விவசாயிகளுக்கு ஆயில் இன்ஜின் மெக்கானிக்காகத் தெரியும். எனக்கு அவர் பட்டாளத்தில் எங்கள் கம்பெனியின் ஆர்மரர். துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவர். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது, என் பேச்சை ஒரு வரி கேட்டதுமே, "செங்கல்பட்டு ஜில்லாவா நீ?" என்றார். சுற்றிலும் இந்தி பேசுகிற இடத்தில் அந்த ஒரு கேள்வி எனக்குச் சோறு போட்ட மாதிரி இருந்தது. அன்று முதல் அவர் அண்ணன், நான் தம்பி.

அப்போது எங்களுக்கு, ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுக்க வேண்டாத, தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள் வந்திருந்தன. அது எப்படி என்று ஒருமுறை கேட்டேன். பெஞ்சில் ஒரு துப்பாக்கியைப் பிரித்துப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"மருந்து எரியச்சொல்ல கேஸ் வருது பாரு, அதுல துளியூண்டு இந்த ஓட்டை வழியா மேல ஏறுது. ஏறி பிஸ்டன பின்னாடி தள்ளுது. பிஸ்டன் இந்த பிளாக்கத் தள்ளுது. பிளாக்கு பின்னாடி போவச்சொல்ல காலித் தோட்டாவ இழுத்து வெளிய எறிஞ்சிடுது. அப்பால ஸ்பிரிங்கு அத்த முன்னாடி தள்ளும். வர்ற வழியில மேகசின்லேர்ந்து புதுசு ஒண்ண வாரிக்கினு வந்து பூட்டிக்கும். ஆனா அடுத்த குண்டு தானா போவாது. நீ விரல வுட்டுட்டு மறுபடி அமுக்கணும். மிச்ச வேலையெல்லாம் அது பாத்துக்கும். சுடறது நீதான்."

குழலின் மேலே முன்பக்கம் கேஸ் பிளக் என்று ஒரு சிறு துண்டு உண்டு. அதை மாற்றித் திருப்பி மாட்டினால் கேஸ் பிஸ்டனுக்குப் போகாது. ஒரு குண்டு போகும், அடுத்தது ஏறாது. அதையும் அன்றே காட்டினார்.

அடுத்த வருடம் கம்பெனிகளுக்கிடையே சுடும் போட்டி வந்தது. அதற்கு முந்தின நாள் அண்ணன் என் துப்பாக்கியில் பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் ஸ்பிரிங்கை மாற்றிக் கொடுத்தார். ஆர்மரர் பார்த்துக் கொடுத்ததைப் போட்டி முடியும்வரை யாரும் பிரிக்கக் கூடாது என்பது உத்தரவு. நான் பிரித்தேன். பெரிய அதிகாரி கையில் வாங்கிப் பார்ப்பார், பளபளவென்று இருக்க வேண்டும் என்ற அற்ப ஆசை. துடைத்தேன், எண்ணெய் போட்டேன், பிளக்கை மாற்றி மாட்டினேன். அப்போது அது எனக்குத் தெரியவில்லை.

போட்டியில் முதல் குண்டு போனது. மறுபடி அமுக்கினேன், ஒன்றுமில்லை. ஒவ்வொன்றுக்கும் கையால் இழுத்து ஏற்றிச் சுடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. எங்கள் கம்பெனி தோற்றது. சுபேதார் என்னிடம், "ஆர்மரர் கொடுத்த பிறகு பிரித்தாயா?" என்று கேட்டார். "இல்லை சாப்" என்றேன்.

அண்ணனை வரவழைத்தார்கள். பிளக் மாற்றி மாட்டியிருப்பதை அவர் பார்த்தார். பிறகு என்னிடம் நம் ஊர்ப் பேச்சில், மெதுவாக, "நீ தொறந்தியா தம்பி?" என்று கேட்டார். அங்கே வேறு யாருக்கும் அது புரியாது. எனக்கு மட்டும்தான் புரியும். அப்போதும் நான், "இல்லண்ணா" என்றேன். அவர் சுபேதார் பக்கம் திரும்பி இந்தியில், "என் தவறுதான்" என்றார். அந்த வருடம் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. ஹவில்தாராகவே ஊர் திரும்பினார்.

அவர் எல்லாம் தெரிந்தே என்னைக் காப்பாற்றினார் என்று நான் நம்பிக்கொண்டேன். அந்த நம்பிக்கை எனக்கு வசதியாக இருந்தது. நானும் ஊருக்கு வந்த பிறகு மாதம் ஒருமுறையாவது அவருடைய ஷெட்டுக்குப் போவேன். மாட்டி முடித்த இன்ஜினை அவர் மறுபடி பிரிப்பார். வண்டியோடு காத்திருக்கும் விவசாயி, "பேஜார் பண்ணாத ஹவில்தாரு, தண்ணி பாய்ச்சணும்" என்பார். "இருப்பா, இன்னொருவாட்டி பாத்துர்றேன்" என்பார் அண்ணன். பட்டாளத்து ஒழுங்கு என்று நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். வெட்கங்கெட்டவன்.

பதினாறாம் நாள் காரியத்தன்று, சமையல் பக்கம் நின்றிருந்த சரோஜா அண்ணியைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "அண்ணனுக்குத் தெரியும் அண்ணி, எனக்காகத்தான் விட்டுக் கொடுத்தார்" என்றும் சொன்னேன்.

அண்ணி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

"அவருக்குத் தெரியாதுப்பா. 'நம்ம ஊர்ப் புள்ள, எங்கிட்ட எதுக்குப் பொய் சொல்லப் போறான், நான்தான் மாத்தி மாட்டிருக்கேன்'னு சொல்லுவாரு. சாப்ட ஒக்காந்தாகூட ரெண்டு கையும் எத்தயோ மாட்டிக்கினே இருக்கும். இன்னா பண்றீங்கன்னு கேட்டா, எங்க தப்பு பண்ணேன்னு பாக்கறேன்னுவாரு. சாவறவரைக்கும் பாத்துக்கினே இருந்தாரு."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "எங்கிட்ட கேட்டு இன்னா ஆவப்போது? பந்தல்ல ஒக்காந்துக்கினு கீறாங்களே, அவங்களாண்ட போய்ச் சொல்லு" என்றார்கள்.

போய்ச் சொன்னேன். அவரிடம் இன்ஜினைப் பழுது பார்க்கக் கொடுத்து வாங்கிய அத்தனை பேரும் தலை நிமிர்ந்து கேட்டார்கள். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. ஒருவர் மட்டும், "அதுக்கா மறுபடி மறுபடி பிரிச்சாரு மனுசன்" என்றார். அண்ணியே எனக்கு இலை போட்டார்கள்.

பந்தலில் இல்லாதவர்களுக்காக, பட்டாளத்தில் அவரோடு இருந்து இன்று எங்கெங்கோ இருப்பவர்களுக்காக, இதை எழுதுகிறேன். அண்ணா, பிரித்தவன் நான்தான். நீங்கள் மாட்டிக் கொடுத்தது சரியாகவே இருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள், போதும்.