எல்லைக்கல்லை எழுதி வைத்தவள்

எல்லையோரத்தில், கேரளப் பக்கம் இருக்கிற எங்கள் பள்ளியில் பிளஸ் டூ முடித்துப் போகிறவர்கள் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஒஸ்யத்து எழுதி வைப்பார்கள். உயிலைத்தான் எங்கள் பக்கம் ஒஸ்யத்து என்போம். செண்டாஃப் அன்று, பிரியாணிப் பொட்டலம் கொடுப்பதற்கு முன்னால், இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வக்கீல் மாதிரி ஒருத்தர் மேடையேறி அதை வாசிக்க வேண்டும். செத்துப்போகிறவர்கள் நாங்கள், வாரிசுகள் அவர்கள். பாதி மலையாளம், பாதி தமிழ். யாரையும் விட்டுவைக்கக் கூடாது என்பதுதான் வழக்கம்.

எங்கள் வருஷத்து ஒஸ்யத்தை எழுதியதும் வாசித்ததும் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அடுத்தவரைக் காட்டி ஆட்களைச் சிரிக்க வைப்பது பெரிய திறமை என்று நினைத்திருந்தேன். திறமைதான், இல்லை என்று சொல்லவில்லை. கத்தி பிடிப்பதும் திறமைதான்.

தினமும் தாமதமாக வருகிற கூட்டத்துக்கு, 'பனச்சமூட்டில் பஸ் பிளாக்கில் மாட்டிக்கொண்டது' என்கிற சாக்கை எழுதி வைத்தேன். லேபில் எங்கள் காலத்திலேயே முள் அசையாத வோல்ட்மீட்டரை, அதை இனிமேல் அசைக்கப்போகிறவர்களுக்கு எழுதி வைத்தேன். இதெல்லாம் பரவாயில்லை. ஒரு வரி இருந்தது, அதைத்தான் சொல்ல வந்தேன்.

பிளஸ் ஒன்னில் ஒரு பெண் என்னோடு ஒரே பஸ்ஸில் வருவாள். வீடு பனச்சமூட்டைத் தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம். அவள் அம்மா பிறந்தது கேரளத்தில், குன்னத்துகால் பக்கம், கட்டிக்கொடுத்தது தமிழ்நாட்டுப் பக்கம். கல்யாணமாகிப் போன பிறகும் அம்மாவின் பேரைப் பிறந்த வீட்டு ரேஷன் கார்டிலிருந்து யாரும் வெட்டவில்லை. புருஷன் வீட்டுக் கார்டிலும் பேர் ஏறியது. எங்கள் ஊரில் இது பாதி வீட்டுக் கதை. எல்லாருக்கும் தெரியும், யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள். அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டபோது, அந்தப் பழைய கார்டுதான் கை கொடுத்தது. அதை வைத்துத்தான் வாரம் மூன்று நாள் இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் காசில்லாமல் டயாலிசிஸ் நடந்தது. இதை அந்தப் பெண் பஸ்ஸில் என்னிடம் சொன்னாள். "எக்கா, ஆரிட்டயும் சொல்லிராதீங்கோ" என்றும் சொன்னாள்.

நான் எழுதியது இது: 'இரண்டு மாநிலத்திலும் அரிசி வாங்கி ஒரு மாநிலத்தில் மட்டும் உறங்குகிற என் பஸ் தங்கச்சிக்கு எல்லைக்கல்லை எழுதி வைக்கிறேன். இனிமேல் அதைத் தலைக்கு வைத்து, தலை அங்கேயும் கால் இங்கேயுமாகப் படுத்துக்கொள்ளட்டும்.'

முந்தின நாள் என் தோழி ஒருத்தி படித்துப் பார்த்துவிட்டு, "இந்த வரி வேண்டாம். இது தமாசு இல்ல, உள்ள காரியமாக்கும்" என்றாள். நான் கேட்கவில்லை. ஒஸ்யத்தில் அதுதான் நல்ல வரி என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அன்றைக்கு அரங்கமே அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் முன்னாலேயே சிரித்தாள். முன்வரிசையில் பெற்றோர்களோடு ரேஷன் ஆபீசில் வேலை பார்க்கிறவர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார். அவரும் நன்றாகச் சிரித்தார். அவர் யார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு எதுவும் தோன்றவில்லை, எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன் அல்லவா.

அதன் பிறகு பரீட்சை, ரிசல்ட், காலேஜ் அட்மிஷன் என்று ஓடிப்போனது. ஜூன் கடைசியில் ஒரு காலை, பனச்சமூடு பஸ் ஸ்டாப்பில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பள்ளிக்கூட நேரம், ஆனால் யூனிபார்ம் இல்லை. அம்மா அவள் தோளில் சாய்ந்து நின்றிருந்தார். நாகர்கோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸுக்காக நிற்கிறார்கள். நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மாமா வீட்டுக் கார்டுலேர்ந்து அம்மைக்க பேரை வெட்டிட்டாங்கக்கா. இனி அங்கதான் போகணும். ரெண்டு பஸ் மாறணும். அம்மைய தனியா விட முடியாது, அதனால ஸ்கூலுக்குப் போகல்ல."

"எப்பிடித் தெரிஞ்சுது அவங்களுக்கு?"

அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "செண்டாஃப் கழிஞ்சு எட்டாம் நாள் அந்த ரேஷன் ஆபீஸ் சாரு மாமா வீட்டுக்கு விசாரிக்க வந்தாரு. நான் அன்னைக்கு அங்க உண்டு. தல எங்க, கால் எங்கன்னு என்கிட்ட சிரிச்சிட்டே கேட்டாரு."

அவள் அதோடு நிறுத்தவில்லை. "அம்மைக்கு இது தெரியாது. மாமிதான் ஆபீசுக்கு எழுதிப் போட்டாங்கன்னு அம்மையும் அப்பாவும் நெனச்சிட்டு இருக்காங்க. மாமா வீட்டோட பேச்சில்ல. நான் வெளிய சொன்னதுனாலதான்னு எப்பிடிக்கா சொல்லுவேன்?"

பத்து நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன், உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான். அம்மா கட்டிலில் இருந்தார், கால் இரண்டும் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நீதானே மக்கா அந்த தமாசெல்லாம் எழுதின பிள்ள? இவ அன்னைக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. இவளுக்கு நீ என்ன எழுதி வச்ச? அத மட்டும் சொல்ல மாட்டேங்குறா."

மகள் கதவருகே அசையாமல் நின்றாள். சொல்ல வேண்டிய நேரம் அதுதான், அதைவிட நல்ல நேரம் யாருக்கும் கிடைக்காது. நான் வோல்ட்மீட்டரைச் சொன்னேன். அது இவளுக்கு எழுதியது என்றேன்.

"கொள்ளாம், நல்லாருக்கு," என்று அம்மா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, மகள் ஓடிவந்து முதுகைத் தடவினாள். பிறகு அம்மா தன் அண்ணன் மனைவியைப் பற்றிப் பேசினார். பிறந்த நாளிலிருந்து இருந்த பேரை வெட்ட அவளுக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்டார். நான் தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டினேன் என்று என்னையே நான் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன், பயந்தாங்கொள்ளி என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

ரோடு வரை அவள் கூட வந்தாள். "நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்க்கா" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அடுத்த வாட்டி வாறேன், சொல்லுறேன்" என்றேன்.

அடுத்த தடவை நான் போனது ஆடியில், அம்மா இறந்த அன்று. மழை பெய்துகொண்டிருந்தது, முற்றத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். ரப்பர் வெட்டப் போகிற அவள் அப்பா வாசலில் நின்றிருந்தார். அம்மாவின் அண்ணனை உள்ளே விட்டார்கள். அவர் மனைவி ரோட்டிலேயே குடையோடு நின்றாள். "அவ இங்க கேறப்பிடாது" என்று அப்பா எல்லாரும் கேட்கச் சொன்னார். அந்த மாமி போகவில்லை, சேலைக் கரை முழுக்கச் சேறோடு வீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

உள்ளே அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்பா என்னைக் கண்டதும், "மோளுக்க கூட்டுக்காரியாக்கும், படிச்ச பிள்ள" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லி, ஒருவரை எழுப்பிவிட்டு எனக்கு நாற்காலி போட்டார். நான் உட்கார்ந்தேன். கட்டன் காப்பி கொண்டுவந்து தந்தார்கள். குடித்தேன்.