காட்டு வாரத்துத் தராசு

பவுலினை நான் முதலில் பார்த்த அன்று அவள் ஈர விறகைத் திட்டிக்கொண்டிருந்தாள். தூறலில் இடுப்பில் கைவைத்து நின்று, எதிரே ஓர் ஆள் இருப்பதுபோல் திட்டினாள். "ஒனக்கு என்னா கொறச்சல்? நேத்துப் பூரா அடுப்பு ஓரமாத்தானே படுக்க வச்சேன்?" பிறகு என்னைப் பார்த்து, "புதுசா வந்த புள்ளையா? குளிருதுன்னு இங்க வந்துறாத. இந்த அடுப்புக்கு மழையே தேவல" என்றாள்.

அந்த இடத்துக்கு வனவாழ்வு இல்லம் என்று பெயர். பட்டிப்பொல ஸ்டேஷனிலிருந்து காட்டுக்குள் ஏறினால், எந்தக் காலத்திலோ காய்ச்சல் மருந்துக்கென்று கொயினா மரம் வைத்துக் கைவிட்ட ஒரு சரிவு வரும். நிலம் ஒரு கிறிஸ்தவ சபைக்குச் சொந்தம். தோட்டங்களிலிருந்து வேலை நீக்கப் பற்றுச்சீட்டுக் கொடுத்துத் துரத்தப்பட்ட நாங்கள் இருபது பேரளவில் அங்கே குடிசைகளில் ஒன்றாக இருந்தோம். நடத்தியவர் பேரின்பநாயகம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், ஹட்டனில் ஆசிரியராக இருந்து சாரணர் படை நடத்தியவர். காட்டில் எப்படிப் பிழைப்பது என்று அவர் கற்றுக்கொடுப்பார். கற்றுத் தேறியவர்களுக்கு அதே சரிவில் ஆளுக்கு அரை ஏக்கர். அதுதான் பேச்சு.

அரை ஏக்கர் என்றால் என்னவென்று தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்தவர்களிடம் கேட்க வேண்டும். நாற்பத்தெட்டில் சட்டம் போட்டு, நாங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அரசாங்கக் காணி எங்களுக்குக் கிடையாது. லயத்து அறையும் வேலை இருக்கும்வரைதான். சபை நிலத்துக்கு மட்டும் யாரும் எங்களிடம் பிரஜாவுரிமை கேட்க மாட்டார்கள் என்று ஐயா சொன்னார். அதை நம்பித்தான் அத்தனை பேரும் அந்தக் குளிரில் கிடந்தோம்.

பவுலினுக்குப் போக வேறு இடமே இல்லை. பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்தவள். புருஷன் அமிர்தநாதன் இரத்தம் கக்கிச் செத்துச் சில நாளில், கொழுந்து நிறுக்கும்போது தராசில் விரல் வைத்த கணக்கப்பிள்ளையின் தலையில் கூடையைக் கவிழ்த்துவிட்டாள். மறுநாள் காலை ஆள் பிரிக்கும் பெரட்டில் அவளுக்கு வேலை இல்லை. அந்த வாரமே அறையும் இல்லை. இந்தக் கதையை அவள் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். "அவன் தலையில கொழுந்து எவ்வளவு அழகா இருந்துச்சு தெரியுமா நாகு? கல்யாண மாப்பிள்ளை மாதிரி." நாகு என்பது நான், நாகலெட்சுமி.

ஐயா கற்றுக்கொடுத்ததில் உபயோகமானவை உண்டு. அதை மறைக்க மாட்டேன். மழையில் தரையில் கிடக்கும் விறகை எடுக்காதே, நின்றபடியே காய்ந்த கிளையை முறித்து அதன் உள்ளே சீவு என்றார். பனிமூட்டத்தில் வழி தவறினால் கத்திக்கொண்டு ஓடாதே, தண்ணீர்ச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கு என்றார். சிறுமூங்கிலை எப்படி முடைந்தால் கூரைக்குள் காற்று புகாது, மரை மான் போன தடத்தில் ஏன் நாம் போகலாம் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். ஒரு அடுப்புக்கு ஒரு நெருப்புக்குச்சி என்பது சட்டம். அது அணைந்தால் அன்று பச்சைத் தண்ணீர்தான்.

பவுலின் பெரிய கெட்டிக்காரி ஒன்றும் இல்லை. மூட்டத்தில் அவள் வழி தவறாத மாதம் கிடையாது. அவள் போடும் முடிச்சைக் கண்டால் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "இது முடிச்சோ, முறுக்கோ?" என்பார். "திங்கிறதுன்னா முறுக்குங்க" என்பாள் அவள். ஆனால் நெருப்பு அவளுக்கு வசப்பட்டது. திட்டித் திட்டியே வசப்படுத்தினாள். அதனால் சமையல் அவள் தலையில் விழுந்தது.

கொழும்பிலிருந்து சபைக் கமிட்டிக்காரர்கள் பார்க்க வரப்போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து ஐயா மாறிவிட்டார். காட்டு வாரம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். அந்த வாரம் முழுக்கக் கடைச் சாமான் அடுப்பில் ஏறக்கூடாது. காடு கொடுப்பதைத்தான் தின்ன வேண்டும். ஒருநாள் காலையில் வெளியே வந்து பார்த்தால், சமையற்கொட்டில் முன்னால் மரக்கிளையில் ஒரு தராசு தொங்குகிறது. பக்கத்துத் தோட்டத்தில் இரவல் வாங்கிய கொழுந்துத் தராசு. கொக்கியும் வட்ட முகமும் முள்ளும் எல்லாம் அதேதான்.

"பொம்பிளையள் ரெண்டு கோஷ்டி. ஆர் கூடுதலாக் கீரை கொண்டு வருகினமோ, அவைக்கு ஒரு ஜாம் டின்" என்றார் ஐயா.

பவுலின் அகப்பையோடு வெளியே வந்தாள். "ஐயா, அந்தத் தராசக் கழட்டிருங்க."

"ஏன் பவுலின், அது உம்மைக் கடிச்சதோ?"

ஆண்கள் சிரித்தார்கள்.

"கடிச்சதுதாங்க. தராசப் பாத்தா எங்க பொம்பளைங்க கைக்குக் கண்ணு அவிஞ்சிரும். எலையப் பாக்காது. எடையத்தான் பாக்கும்."

"போட்டி எண்டாத்தான் உற்சாகம் வரும். நீர் போய் அடுப்பைப் பாரும்."

அவள் சொன்னது வேடிக்கைப் பேச்சு இல்லை. தேயிலை மலையில் எல்லாச் செடியும் ஒரே செடி. இரண்டு கையும் தானாகப் போகும். கொழுந்து முதுகுக் கூடைக்குள் தானாக விழும். கண் கங்காணியைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குத்தான் சின்ன வயதிலிருந்து எங்களைப் பழக்கினார்கள். காட்டில் ஒவ்வொரு இலையாகப் பார்த்துப் பறிக்க எங்களுக்கு மாதக்கணக்காயிற்று. தராசைக் கண்டதும் அந்தப் பழக்கம் ஒரு காலையில் போய்விட்டது.

பழைய காவல்குடிசை இருந்த மேட்டில் மணத்தக்காளி தளதளவென்று நின்றது. ஒரு கோஷ்டிக்கு ஐவி, மற்றதுக்கு மரியநாயகி. "ஏ மரியநாயகி, ஒன் கூட என்னா ஓட்டையா?" என்று ஐவி கத்த, "ஜாமு எனக்கு, டின்னு ஒனக்குடி" என்று அவள் பதில் கத்த, அத்தனை பேரும் சிரிப்பும் ஓட்டமுமாகப் பறித்தோம். மணத்தக்காளிக்கு நடுவே ஊமத்தையும் முளைத்திருந்தது. ஊமத்தை நாங்கள் அறியாத செடி இல்லை; பூவைக் கண்டால் குழந்தைகூட விலகும். பூக்காத குருத்தை, பார்த்துப் பறிக்கிறவர்கள்தான் பிரித்து எடுப்பார்கள். நாங்கள் பார்க்கவில்லை.

கொட்டிய கீரை இடுப்பு உயரம் நின்றது. எல்லாம் நனைந்து கசங்கியிருந்தது. "ஆய்றதுக்கு ரெண்டு பேர விடுங்கய்யா" என்று பவுலின் கேட்டாள். ஐயா தராசு முள்ளைப் பார்த்தபடி, இன்னொரு நடை போய்வரட்டும் என்று எல்லோரையும் திருப்பி அனுப்பினார். அவள் ஒருத்தியாக அள்ளி அள்ளிப் பார்த்துப் போட்டாள். மதியத்துக்குள் சமைத்தாக வேண்டும்.

நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம். ஐயாவும் சாப்பிட்டார். பவுலின் மட்டும் சாப்பிடவில்லை. அடுப்படியில் நின்றவள் கடைசியாகச் சட்டியை வழித்துத் தின்பதுதான் எங்கள் வழக்கம். அவள் தட்டை எடுப்பதற்குள் முதல் ஆள் விழுந்துவிட்டார்.

எனக்கு நாக்கு காய்ந்து அண்ணத்தில் ஒட்டியது நினைவிருக்கிறது. ஐவி உட்கார்ந்த இடத்திலேயே காற்றில் கொழுந்து பறித்துத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டிருந்தாள். ஐயா மரங்களைப் பார்த்து வகுப்பு நடத்தினார். இராயப்பன் என்று ஒரு பெரிய ஆள், தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர், திடீரென்று எழுந்து, "பெரட்டுக்குக் கொம்பு ஊதிட்டான்! நேரமாச்சு!" என்று கத்திக்கொண்டு பள்ளத்தை நோக்கி ஓடினார். அந்தப் பக்கம் மூட்டத்துக்குள் நேரே பாதாளம். பவுலின் அவர் காலைப் பிடித்துத் தள்ளி முதுகின் மேல் ஏறி உட்கார்ந்தாள். "இன்னைக்கு லீவு அண்ணே! தொரை லீவு குடுத்துட்டாரு! படுங்க!" என்று அவர் காதில் கத்தினாள். பிறகு இழுத்துவந்து தூணில் கட்டினாள். அன்று அவள் போட்ட முடிச்சு அவிழவில்லை.

எல்லோரையும் பெரிய குடிசைக்குள் தள்ளி, யாரும் பள்ளத்துக்குப் போய்விடாதபடி கதவுக்கு வெளியே கட்டை கொடுத்துவிட்டு, ஸ்டேஷனுக்கு ஓடினாள். மூட்டத்தில் எப்போதும் வழி தவறுகிறவள், தண்ணீர்ச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கிப் போயிருக்கிறாள். ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு சிங்களவர். அவர் போன் போட்டு, தண்டவாள டிராலியில் ஆஸ்பத்திரி மருந்துக்காரரை வரவழைத்தார். ஒருவரும் சாகவில்லை.

தெளிந்து எழுந்தவர்களுக்கு முதலில் ஞாபகம் வந்தது இரண்டு. சமைத்தவள் சாப்பிடவில்லை, எங்களை உள்ளே வைத்துப் பூட்டினாள். இதை வைத்து இரண்டு நாள் கிசுகிசுத்தார்கள். அவள் கையால் உயிர் பிழைத்தவர்கள்தான் பேசினார்கள்.

ஐயா தெளிவானவர், அவருக்கு உண்மை தெரியும். தராசு அதற்குள் கிளையில் இல்லை. அவர் பவுலினைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் போன்றவள் பக்கத்தில் இருப்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

"இஞ்ச பாரும் பவுலின். ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக்காரர் வருகினம். நடந்தது அவைக்குத் தெரியும். ஜெபம் முடிய நீர் எழும்பி, என்ர கவனக்குறைவால வந்தது, மன்னிக்க வேணும் எண்டு சொன்னாப் போதும். உம்மட அரை ஏக்கருக்கு நான் பொறுப்பு."

"சொல்லாட்டிங்க?"

"இல்லம் மூடுப்படும். இருபது சனம் தெருவில நிக்கும். நல்லா யோசியும்."

அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. அடுத்து வந்த நாட்களில் ஒவ்வொருவராக அவளிடம் போனார்கள். மரியநாயகி அழுதாள். "ஒரு வார்த்தைதானே பவுலினு. சொன்னா நாக்கா அறுந்து போயிரும்?" இராயப்பன் தூரத்தில் நின்றே, "நமக்கு எடம் முக்கியம் தங்கச்சி" என்றார். கயிறு அறுத்த தழும்பு அவர் கையில் இன்னும் சிவப்பாக இருந்தது.

ஞாயிறு அன்று கமிட்டிக்காரர்கள் கம்பளிக் கோட்டோடு முன்வரிசையில் இருந்தார்கள். ஜெபம் முடிந்தது. ஐயா, "பவுலின் ஒரு விசயம் சொல்ல விரும்புறா" என்றார். அவள் எழுந்து வெளியே போனாள். பயந்து ஓடுகிறாள் என்று நினைத்தோம். ஐயாவின் குடிசைக்குள் ஒளித்து வைத்திருந்த தராசைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். இரும்புக் கனத்தில் தோள் சாய்ந்திருந்தது. அதைக் கமிட்டிக்காரர்களின் காலடியில் வைத்தாள்.

"இதத் தொங்கவிட வேணாம்னு சொன்னேங்க. தொங்கவிட்டாங்க. ஆய ஆள் கேட்டேங்க. தரலங்க. நான் ஆக்குனது தப்புன்னா, பறிக்கச் சொன்னதும் தப்பு. ரெண்டையும் சேத்துச் சொல்றதுன்னா நானும் சொல்றேன்."

ஒரு கமிட்டிக்காரர் எங்களைப் பார்த்து, அவள் அப்படிச் சொன்னதைக் கேட்டவர்கள் உண்டா என்றார். இராயப்பன் தரையைப் பார்த்தார். ஐவி தாவணி நுனியை மென்றாள். நான் எழுந்து, "சொன்னாங்க" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். ஐயா சிரித்துக்கொண்டு, "இந்தப் பிள்ளை அண்டைக்கு மயக்கத்தில கிடந்தது" என்றார். தராசு தொங்கிய காலையில் யாரும் மயக்கத்தில் இல்லை. அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அன்று மாலையே பவுலின் கத்தியையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். நானும் அதே வாரம் இறங்கி, கீழே ஒரு உருளைக்கிழங்குத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பவுலினும் அங்கேதான் கூலிக்கு வந்தாள். இரயில் பாதைக்கு மேலே, யாருக்கும் வேண்டாத ஒரு பாறை இடுக்கில் சிறுமூங்கில் முடைந்து குடிசை போட்டாள். காற்று புகாத கூரை. மழையில் நின்று காய்ந்த கிளையை முறித்து, ஒரே குச்சியில் பற்றவைத்தாள்.

இல்லம் மூடப்படவில்லை. ஆனால் அரை ஏக்கரும் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சபைத் தீர்மானம் வரவேண்டும், அளவைக்காரர் வரவேண்டும் என்று வருடங்கள் போயின. அறுபத்து நாலில் ஒப்பந்தம் போட்டு எங்களை இந்தியாவுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் ஆட்கள் கலைந்தார்கள். மரியநாயகி குடும்பம் பேர் பதியப் போனது. இராயப்பன் ஏதோ தோட்டத்தில் காவலுக்குப் போனார்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பவுலின் குடிசையில் இருந்தபோது, பாதையில் குடைகள் ஏறி வந்தன. முன்னால் பேரின்பநாயகம் ஐயா, நரைத்திருந்தார். பின்னால் புதிய கமிட்டிக்காரர்கள். வாசலில் நின்று அவர்களுக்குக் கையைக் காட்டி விளக்கினார். "இவ எங்கட இல்லத்தில பயின்றவ. கூரையைப் பாருங்கோ. எல்லாம் அங்க படிச்சது. காட்டை நம்பிச் சீவிக்கலாம் எண்டதுக்கு இவ சாட்சி."

பவுலின் வாசலை அடைத்து நின்றாள்.

"வாங்க ஐயா. நல்லா இருக்கீங்களா?"

"இருக்கிறன் பிள்ளை. இவை உள்ள வந்து பாக்க விரும்புகினம்."

"வரட்டுங்க. அன்னைக்கு எல்லாருக்கும் முன்னாடி ஒண்ணு சொல்லச் சொன்னீங்க. இன்னைக்கு இவங்களுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு சொல்லுங்க. அந்தக் கீர என் தப்பு இல்லன்னு. சொல்லிட்டு உள்ள வாங்க. தேத்தண்ணி ஊத்துறேன்."

மழை வலுத்தது. கமிட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "அது பழைய கதை. இப்ப ஏன்?" என்றார்.

"எனக்குப் பழசு இல்லீங்க."

அவர் சொல்லவில்லை. குடைகள் திரும்பி இறங்கின. மூட்டத்தில் அவர்கள் பாதையை விட்டு இடப்பக்கம், பள்ளம் இருக்கும் பக்கம் திரும்புவதை இரண்டு பேரும் பார்த்தோம்.

பவுலின் பல்லைக் கடித்தாள். பிறகு கையை வாயில் குவித்து, அந்த மலை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "சோத்தாங்கைப் பக்கம் போங்கய்யா! தண்ணிச் சத்தத்தப் பிடிச்சுப் போங்க! நீங்க கத்துக்குடுத்ததுதானே, மறந்துட்டீங்களா?"

குடைகள் வலப்பக்கம் திரும்பின. அவள் உள்ளே வந்து, கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தேத்தண்ணி ஊற்றினாள்.