தட்டின் பின்னால் ஒரு பாம்பு

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லாரிகளுக்கு நம்பர் எழுதும் பெயிண்டர் நான். ஏழாவதோடு படிப்பு நின்றுவிட்டது. படம் மட்டும் நன்றாக வரும். என் மகள் நாலு வயதில் எண்ணூரில் எங்கள் தெருப் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பிள்ளைகள் தட்டை மாற்றி எடுத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள், தட்டின் பின்பக்கம் ஆளுக்கு ஒரு படம் போட்டுக் கொடு என்று ஆயா கேட்டார். எழுத்து தெரியாத பிள்ளைகள், படத்தைப் பார்த்துத் தங்கள் தட்டை எடுத்துக்கொள்ளுமாம்.

மீன்காரர் வீட்டுப் பையனுக்குக் கட்டுமரம் போட்டேன். ரயில்வேக்காரர் மகளுக்கு ரயில் பெட்டி. என் மகளுக்கு லாரி. ஆற்றோரக் குடிசையிலிருந்து புதிதாக ஒரு பெண் குழந்தை வந்திருந்தது. இருளர் வீட்டுப் பிள்ளை என்றார் ஆயா. இருளர் என்றாலே பாம்பு பிடிக்கிறவர்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு; நான் யோசிக்கவே இல்லை. படமெடுத்து நிற்கிற நாகம் ஒன்றை வரைந்தேன். மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் நன்றாக வந்திருந்தது என்று மனைவியிடம் பெருமையடித்தேன் வேறு.

பத்து நாள் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் கொட்டாங்குச்சிகளை வரிசையாக வைத்துப் பால்வாடி விளையாடிக்கொண்டிருந்தாள். மண்தான் சோறு. ஒன்றை மட்டும் குச்சியால் தள்ளிக்கொண்டுபோய் வாசற்படிக்கு வெளியே வைத்தாள். கை படாமல் உயரத்திலிருந்து அதில் மண்ணைக் கொட்டினாள். அது யாருடையது என்று கேட்டேன்.

"அது பாம்பு தட்டு நைனா. தொட்டா கடிச்சிடும். அந்தப் பொண்ணாண்ட யாரும் குந்த மாட்டோம். இப்போ அது வர்றதே இல்ல."

இதை யார் இவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்க வாயெடுத்துவிட்டு மூடிக்கொண்டேன். நான்தானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் ஆயாவிடம் போனேன். அந்தத் தட்டு மேலே இருந்தால் பிள்ளைகள் மொத்த அடுக்கையும் தொடாமல் அழுதார்களாம். அதனால் அதைக் கதவோரம் தனியாக வைத்தாராம். குழந்தையும் தட்டோடு கதவோரம் போய் உட்கார்ந்ததாம். ஐந்தாம் நாளிலிருந்து வரவில்லை. எனக்கும் அப்போது உறைக்கலப்பா என்று சொல்லி, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு பேரும் ஆற்றுக்குப் போனோம். குழந்தை சேற்றுக் கரையில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தது. காலடியில் தண்ணீர். ஒரு முறை வழுக்கினால் போதும். கழுத்தளவு தண்ணீரில் அதன் அம்மா. ஓலைக்கூடை ஒன்றைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் ஆற்றின் அடியில் தடவி, எறா என்கிற இறாலைப் பிடித்துப் பிடித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். நான் பத்து வருடமாக அந்த ஆற்றுப் பாலத்தில் சைக்கிளில் போகிறேன். தண்ணீரில் தெரிகிற தலைகளெல்லாம் குளிக்கிறவர்கள் என்றே நினைத்திருந்தேன்.

அவர் கரையேறிக் கூடையை வாயிலிருந்து எடுத்ததும், படம் போட்டது நான்தான் என்று சொன்னேன். என் முகத்தையே பார்த்தார்.

"எங்க வூட்ல யாரும் பாம்பு புடிச்சதில்லண்ணா. எறா தடவுறதுதான் எங்க வேல. என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா நீ? நாள் பூரா தண்ணில நிக்கிறேன், பாம்பு கால உரசிகினு போவும், பயந்ததில்ல. எம்புள்ள ஒரு சோத்துத் தட்டுக்கு பயந்துகினு இங்க குந்திகினு கீது."

சரி, என்ன வரையட்டும் என்று மட்டும் கேட்டேன். அதாண்டயே கேளு என்று குழந்தையைக் காட்டினார். குழந்தை என்னைப் பார்க்காமலே கூடையைத் தொட்டது.

டர்பன்டைன் போட்டுத் தேய்த்து நாகத்தை அழித்தேன். கூடையை வரைந்தேன். ஆயா கேட்டுக்கொண்டதால் அந்த அம்மா ஒருநாள் பால்வாடிக்கே வந்தார். அண்டாத் தண்ணீரில் உயிர் எறாவை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். பிள்ளைகள் கூடையைக் கடிக்க அடித்துக்கொண்டார்கள். என் மகள் அதைக் கடித்துப் பார்த்து எச்சில் ஒழுக நின்றாள்.

அந்தக் குழந்தை மறுபடி வர ஆரம்பித்தது. என் மகள் பக்கத்தில்தான் உட்கார்ந்தது. ஆனால் சோறு போடுவதற்கு முன்னால் அது தட்டைத் திருப்பி ஒருமுறை பார்த்துக்கொள்ளும். ஒரு நாளா இரண்டு நாளா, அந்த வருடம் முழுக்கப் பார்த்தது. நான் வாசலில் நின்று அதைப் பார்த்திருக்கிறேன்.