ஒட்டுத் தையல்

தெருவில் அவருக்குப் பட்டன் அக்கா என்றுதான் பெயர். பட்டன் அறுந்த சட்டையோடு எவன் போனாலும் நிறுத்திவைத்துத் தைத்துத்தான் அனுப்புவார். யாரையும் லேசில் நம்பமாட்டார் என்பது அவருடைய இன்னொரு புகழ்.

லாரி ஓட்டிக்கொண்டிருந்த கணவர் பக்கவாதத்தில் விழுந்து ஆறு வருடமாகிறது. வலது பக்கம் வராது, பேச்சும் இல்லை. அவரைத் தூக்கித் தூக்கியே அக்காவின் இடுப்பு விட்டுப்போயிற்று. பத்து நாள் முதுகைக் கீழே போடாவிட்டால் அப்புறம் அவரைத் தூக்க ஆளே இருக்காது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

தம்பிதான் அந்த இல்லத்தைக் கண்டுபிடித்தான். வீட்டுக்காரர்கள் ஓய்வெடுக்கட்டும் என்று நோயாளிகளைச் சில நாள் வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம்.

"முன்னப்பின்ன தெரியாதவன் எதுக்குடா பாத்துக்கணும்? கிட்னி ரெண்டும் இருக்கான்னு பாத்துட்டு அனுப்பணும்."

"அக்கா, மாமா கிட்னியை எவன் சீண்டுவான்?"

அனுப்பினார். சும்மா அனுப்பவில்லை. ஒரே துணியில் தைத்த ஆறு சட்டைகளைப் பையில் வைத்தார். கணவர் போட்டிருந்ததும் அதே துணிதான்; அந்தச் சட்டையில் மட்டும் இரண்டாம் பட்டனுக்குக் கீழே இரு பக்கத்தையும் சேர்த்து ஒரு ஒட்டுத் தையல் போட்டார். வெட்டாமல் சட்டையைக் கழற்ற முடியாது. மாற்றினார்களா இல்லையா என்பதை நூலே சொல்லிவிடும்.

மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். நாலாம் நாள் காலை சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றார். ஜன்னலோரக் கட்டிலில் கணவர் சாய்ந்திருந்தார். இரண்டாம் பட்டனுக்குக் கீழே நூல் அப்படியே இருந்தது.

"நாலு நாளா ஒரே சட்டையா? மனுஷன்னு நெனச்சீங்களா, மூட்டைன்னு நெனச்சீங்களா? எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம்!"

கவனித்துக்கொள்ளும் ஆள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். நாற்பது வயதிருக்கும்.

"தினமும் மாத்துறேங்க. இழுத்து அவுத்துருவாருன்னுதான் நீங்க தச்சு அனுப்பியிருக்கீங்கன்னு நெனச்சேன். தினமும் வெட்டி, மாத்தி, அதே மாதிரி தச்சு விடுறேன். விரலப் பாருங்க, குத்தாத எடம் இல்ல."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கோணல்மாணலான தையல். முனையில் மிளகு அளவுக்கு முடிச்சு. செத்தாலும் அவர் கை அப்படித் தைக்காது. சட்டையில் வேறு சோப்பு வாசனை.

"எனக்கு ஒரு போன் போட்டுக் கேக்க வேண்டியதுதானே?"

"உங்கள எழுப்பக் கூடாதுங்க. இங்க அதான் மொத ரூல்."

கணவரைப் புரட்டி முதுகைப் பார்த்தார். சிவப்பு இல்லை, புண் இல்லை. காதுக்குப் பின்னால்கூட அழுக்கு இல்லை. திட்ட ஒன்றும் அகப்படாதது அவருக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. கணவர் இடது கையால் கஞ்சிக் கிண்ணத்தைக் காட்டினார். சண்டை முடிந்தால் சாப்பிடலாம் என்று அர்த்தம்.

"இனிமே தைக்காதீங்க. துணிதான் பாழாப்போகுது" என்று நூலைத் தானே பிரித்தார். "மிச்சம் ஆறு நாள். நான் வரமாட்டேன்."

"வாங்களேன்."

"வரமாட்டேன்னு சொன்னேன்ல? எப்ப வரமாட்டேன்னு சொல்லமாட்டேன்."

வீட்டுக்கு வந்து பாயை விரித்து, டாக்டர் சொன்னபடி நேராகப் படுத்தார். வெளியே நல்ல வெயில். அந்த ஆள் எதற்காக இவ்வளவு நல்லவனாக இருக்கிறான், இதில் ஏதோ இருக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தவர், பாதி யோசனையிலேயே குறட்டை விட்டார்.